நான்காவது அடுக்கு

அந்த விசில் சத்தத்தை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் அதை உண்டாக்கியவன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரம் பக்கம் ஒரு மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். கீழே மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை. மேலே மூன்று அறைகள். சுவரெல்லாம் பழைய கம்பளத்தை ஆணி அடித்து வைத்திருப்போம். சாமி பாட்டுக் கேசட்டுதான் எங்கள் தொழில். மாசி பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. பங்குனி, சித்திரையில் ஊர் ஊருக்கு மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, வரும். அதற்குள் புதுக் கேசட் கடைக்குப் போயாக வேண்டும்.

என் வேலை கீபோர்டு வாசிப்பதும் சாம்ப்ளரைக் கவனிப்பதும். சாம்ப்ளர் என்பது ஓர் இரும்புப் பெட்டி. முகப்பில் ஒரு சின்னப் பச்சைத் திரை, சில பொத்தான்கள், எண்களைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஃபிளாப்பி செருக ஒரு வாய். எந்த ஓசையையும் மைக் வழியாக உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அதே ஓசையை அந்தந்த சுருதியில் திருப்பிக் கொடுக்கும். எங்களிடம் இருந்த பெட்டியில் ஒரு கட்டைக்கு நான்கு ஓசைகளை அடுக்கலாம். முதல் அடுக்கில் நாதஸ்வரத்தின் எடுப்பு, இரண்டாவதில் புல்லாங்குழல், மூன்றாவதில் ஆர்மோனியத்தின் கார்வை, நான்காவதில் குழல் ஊதுகிறவரின் மூச்சுக் காற்று என்று வைத்தால், விரலை வைத்ததும் நான்கும் சேர்ந்து, உலகத்தில் எந்த வாத்தியத்திலும் இல்லாத ஓர் ஓசை வரும். ஒவ்வோர் அடுக்கும் எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு கனம், எந்தத் துண்டு திரும்பத் திரும்பச் சுழல வேண்டும் என்று தனித்தனியாகத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தில் எனக்குப் பேர் இருந்தது. திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் என் ஃபிளாப்பிகளைக் கேட்டு வருவார்கள். மற்றவர்கள் திரையில் எண்ணைப் பார்த்துத் திருத்துவார்கள். நான் திரையைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்புவேன். காது போதும் என்று சொன்னால் நிறுத்துவேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

நான் சூலூரில் தறிகளுக்கு நடுவே பிறந்தவன். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி. இருபத்திரண்டு வயது வரை நானே தறி ஓட்டினேன். ஆர்மோனியம் பழகியதும், மெல்லிசைக் குழுக்களில் வாசித்ததும், பிறகு இந்த வேலைக்கு வந்ததும் அந்தச் சத்தத்திலிருந்து தப்பித்து வந்த கதை என்றே அப்போது நினைத்திருந்தேன்.

கூடத்தில் ஒலிப்பதிவு செய்தவர் என்னைவிட மூன்று வயது இளையவர். கிணத்துக்கடவுக்காரர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தவரை முதலாளி அழைத்து வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். சொந்தமாக ஒரு ஹெட்போன் வைத்திருந்தார். வேறு யாரையும் தொட விடமாட்டார். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தைக்கூட ஞாபகம் வைத்திருந்து, "மூணாவது சரணத்துல ரெண்டாவது வரிங்க, உதடு மைக்குல பட்டுடுச்சு" என்பார். போட்டுப் பார்த்தால் பட்டிருக்கும். இரண்டு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். மத்தியானச் சோற்றைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

அந்த மாசியில் ஓர் அம்மன் பாட்டுக் கேசட். எட்டுப் பாட்டுக்கும் பின்னால் நீளமாக ஓர் ஓசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். நான் சொன்ன அந்த நான்கு அடுக்கை அதற்காகத்தான் செய்தேன். மூன்று அடுக்கு முடிந்தபோது பெட்டியில் இடம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. மூச்சுக் காற்றுக்கு மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அதனால் அதைக் கத்தரித்து, கடைசியில் ஒரு சின்னத் துண்டு மட்டும் சுழலும்படி வைத்தேன். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்பினேன். துண்டைக் குறைக்கக் குறைக்கக் கரகரப்பு அடங்கிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் சுத்தமாக நின்றது. அங்கேயே விட்டேன்.

சுழலும் துண்டை அளவுக்கு மேல் குறுக்கினால் அது காற்றாக இருக்காது. ஒரே சுருதியில் கூவ ஆரம்பித்துவிடும். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

முதல் பாட்டைப் பதிவு செய்யும்போதே ஒலிப்பதிவுக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைத் தூக்கினார்.

"ஏனுங்ணா, விசிலாட்டம் ஒண்ணு கேக்குதுங்களே. மெல்லிசா."

"எப்பங்க?"

"நீங்க கட்டையப் புடிச்சுட்டே இருக்கறப்பங்க. எடுத்தொடனே இல்ல, சித்த நேரங் கழிச்சு வருது."

நான் கட்டையை அழுத்திப் பிடித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

"இங்க ஒண்ணுமில்லீங்க தம்பி. உங்க மிக்ஸர்ல பாருங்க. எர்த்து சரியில்லாம இருக்கும்."

அவர் பார்த்தார். இரண்டு நாள் பார்த்தார். ஒயரை ஒவ்வொன்றாக மாற்றினார். டியூப் லைட்டை அணைத்துவிட்டுக் கேட்டார். மின்விசிறியை நிறுத்தி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து கேட்டார். மூன்றாம் நாள் மறுபடி, "உங்க பொட்டியில இருந்துதான் வருதுங்ணா. ஒருக்கா அடுக்கு அடுக்கா போட்டுக் காட்டுங்களேன்" என்றார். பாட வந்த அம்மாவும் தபேலாக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் ஓசையில் குறை சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

"உங்க காதுக்குள்ள பூச்சி கீச்சி பூந்துருச்சான்னு பாருங்க தம்பி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுக்கடுக்காகப் போட்டுக் காட்டவில்லை நான்.

முதலாளி வந்து கேட்டார். அறுபதை நெருங்கியவர். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பாடிய அம்மா, ஏதோ இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது என்றார். எங்கள் கூடத்துப் பெரிய ஸ்பீக்கரில், பாட்டும் தபேலாவும் உடுக்கையும் சேர்ந்து ஒலிக்கும்போது அது அமுங்கித்தான் இருந்திருக்க வேண்டும். கேசட் கடைக்குப் போனது.

கோயில்களில் யாரும் பெரிய ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதில்லை. பனைமரத்திலும் மின்கம்பத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில்தான் போடுவார்கள். அந்தக் குழாய்க்கு அடித்தொண்டை கிடையாது. கீச்சென்று இருப்பதை மட்டும் எடுத்து நாலு மடங்காக்கி ஊருக்குள் எறியும். பங்குனி கடைசியில் முதல் கேசட் திரும்பி வந்தது. கோயில்களுக்கு ரேடியோ செட் வாடகைக்கு விடும் ஒருவர் நேரிலேயே வந்தார்.

"என்னங்க பாட்டுப் போட்டிருக்கறீங்க? ஊசி வெச்சுக் குத்தறாப்புல இருக்குது. கொழந்தைங்கெல்லாம் காதப் பொத்திட்டு அழுகுது. பூசாரி நிறுத்தச் சொல்லிப்போட்டாரு."

அப்புறம் கடைக்காரர்கள் மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். மாடிப்படி ஓரமெல்லாம் அம்மன் படம் போட்ட கேசட்டுகள் குவிந்தன.

முதலாளி எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் குரல் தாழ்ந்தால்தான் பயம்.

"எதுல கோளாறுங்க?"

"என் டிஸ்க்குல ஒண்ணுமில்லீங்க முதலாளி. நீங்களே வந்து கேட்டீங்களே" என்றேன்.

"நான் அப்பவே சொன்னனுங்க" என்றார் அவர்.

"சொன்னே. சரி பண்ணுனியா? பதிவு பண்றது நீயா, அவரா? ரெண்டு நாளா ஒயரப் புடுங்கிப் புடுங்கி மாட்டிட்டிருந்தியே, அதுல என்னத்தக் கெடுத்து வெச்சியோ."

அன்றைக்கே அவரைப் போகச் சொல்லிவிட்டார். அவர் வாதாடவில்லை. ஹெட்போனைத் துண்டில் சுற்றிக்கொண்டார். படியிறங்கப் போனவர் என்னிடம் திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களாணா? தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு நெசமாலுமே அது கேக்கலீங்களா?"

"நெசமாலுமே கேக்கலீங்க தம்பி."

அது பொய்யில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரிங்ணா" என்று இறங்கிப் போனார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு கேசட்டுக்காகச் சாம்ப்ளரை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். சிங்காநல்லூரில் வாடகை வீடு. மத்தியானம். மனைவி முன்னறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பழைய நான்கு அடுக்கில் காற்றை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மற்ற மூன்றையும் மௌனமாக்கிவிட்டுக் கட்டையை அழுத்தினேன். 'ஃபூ' என்று தொடக்கத்தில் ஒரு மூச்சு. பிறகு நிசப்தம். ஃபிளாப்பியில் அந்த ஓசை கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். ஓசை அளவைக் காட்டும் கோடு மேலே ஏறி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

கையை எடுத்தேன், கோடு விழுந்தது. வைத்தேன், ஏறியது. என் காதில் எதுவும் இல்லை.

"ஏனுங்க, அதென்னங்க சத்தம்? பல்லுக் கூசுது, நிறுத்துங்க" என்றாள் முன்னறையிலிருந்து.

"உனக்குக் கேக்குதா அம்மணி?"

"என்னங்க இப்புடிக் கேக்கறீங்க? பக்கத்து ஊட்டுக்கே கேக்கும்."

அவளை உள்ளே வரச் சொன்னேன். கதவுப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் கட்டையை அழுத்தினேன், விட்டேன். "இப்ப?" "கேக்குது." "இப்ப?" "இல்லீங்க." பத்துப் பதினைந்து முறை. அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை. திரும்பிப் பார்த்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுழலும் துண்டின் எண்ணைத் திரையில் பார்த்தேன். தொழில் தெரிந்த எவனும் வைக்காத எண். அதைச் சரி செய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

காது மருத்துவர் கண்ணாடி அறைக்குள் என்னை உட்கார வைத்துச் சோதித்தார். பிறகு ஒரு தாளைக் காட்டினார். இடமிருந்து வலமாக ஒழுங்காக வந்த கோடு, ஓரிடத்தில் கிணற்றில் விழுந்ததுபோலச் செங்குத்தாக இறங்கி மறுபடி ஏறியது. வலது காதில் ஆழம் அதிகம். அவர் என் தொழில் என்ன என்று கேட்கவில்லை. "தறி ஓட்டினீங்களா?" என்றுதான் கேட்டார். போனது திரும்பாது, இன்னும் போகும் என்றார். எந்தெந்தச் சத்தம் கேட்காது என்று கேட்டதற்கு, என் கையில் இருந்த எலெக்ட்ரானிக் வாட்சைக் காட்டி, "இது மணிக்கு ஒருதரம் கத்துமே, கேக்குதா?" என்றார். பேட்டரி தீர்ந்துகொண்டு வருவதால்தான் அது கத்துவதை நிறுத்திவிட்டது என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் முதலில் நினைத்தது என் நிலைமையை அல்ல, அந்த ஒலிப்பதிவுக்காரரைத்தான். இதைச் சொல்வது என்னை நல்லவனாகக் காட்டும் என்றால், அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். நினைத்தேனே தவிர, போகவில்லை.

நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். தீபாவளி கழியட்டும் என்று இருந்தேன். காது கேட்காதவனுக்குக் கூடத்தில் என்ன வேலை? முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளை இருக்கிறாள். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். இதற்கிடையில் வேலை நிற்காமல் நடந்தது, மனைவியால். முக்கியமான ஓசை என்றால் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வருவேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் அடுக்காகக் கேட்டு, "இது கூசுது", "இதுல ஏதோ டிக்குடிக்குங்குது", "இது நல்லாயிருக்குதுங்க" என்று சொல்வாள். இசை பயிலாதவள். ஆனால் அவள் காதை வைத்து நான் அனுப்பிய ஃபிளாப்பிகளை எல்லோரும் முன்னைவிட மெச்சினார்கள்.

ஆரம்பத்தில் வாரம் ஒருமுறையாவது கேட்பாள்: "அந்தத் தம்பிகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?" பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மாசியில் மறுபடி நோம்பிக் கேசட் வேலை வந்தது. பெட்டியை எடுத்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து அவள் வரவில்லை.

"இனிமே நான் கேட்டுச் சொல்ல மாட்டேனுங்க."

"ஏன் அம்மணி?"

"அந்தத் தம்பியும் கேட்டுத்தானுங்க சொல்லுச்சு."

மூன்று நாள் தள்ளினேன். நாலாம் நாள் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

அவர் ஊரான கிணத்துக்கடவில் இறங்கி விசாரித்துப் போனேன். மச்சானுடைய தேங்காய்க் களத்தில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். வெட்டவெளியில், வெயிலில், உடைத்த தேங்காய்கள் காய்ந்துகொண்டிருந்தன. குனிந்து புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தவரை நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். பாதியாக இளைத்திருந்தார்.

"வாங்ணா, வாங்க" என்றார், நேற்றுப் பார்த்தவர் போல. களத்தை ஒட்டி அவர்கள் குடியிருந்த சாளைக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். அவர் மனைவி மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "நல்லாயிருக்கறீங்களாணா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லாமல் திரும்பிவிடுவேன் என்று பயம். விசில் இருந்தது, என் நான்காவது அடுக்கில் இருந்தது, எனக்குக் காது போய்விட்டது, நீங்கள் கேட்டது சரி.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு தன் கதையை, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

"இங்கிருந்து போயி மெட்ராஸ்ல ஒரு எடத்துல சேந்தனுங்ணா. மொத நாளே பாட்டு ஓடறப்ப எனக்கு என்னமோ கேக்கறாப்புல இருந்துச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு தெரியிலீங்க. பக்கத்துல இருக்கறவங்கள, உங்களுக்குக் கேக்குதா உங்களுக்குக் கேக்குதான்னு கேட்டுட்டே இருந்தேன். நாலு நாள் பாத்தாங்க, போயிட்டு வாங்கன்னுட்டாங்க. ஆசுபத்திரியில பாத்தா காதுல ஒரு கொறையும் இல்லைங்கறாங்க. அப்ப மண்டையிலதான் கோளாறுன்னு நெனச்சேனுங்க. இல்லாத சத்தம் கேக்குதுன்னா வேற என்னங்க அர்த்தம்? அதுக்கு டாக்டரப் பாத்தோம். மாத்தர குடுத்தாரு. இப்பவும் சாப்படறேன். சாப்பிட்டாத் தூக்கம் வருது, ஆனா நாளெல்லாம் தல மந்தமாவே கெடக்குது."

மோர் என் கையிலேயே இருந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்ணா?" என்றார்.

"ஆவணியில."

"ஆவணியில" என்று சொல்லிப் பார்த்தார். தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்தான் பதில் சொன்னார்.

"மாத்தர ஆரம்பிச்சது பொரட்டாசியிலீங்க."

அவர் குரல் உயரவில்லை. "ங்க" போடுவதைக்கூட அவர் விடவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கணவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "வெயில் எறங்கறதுக்குள்ள பஸ்ஸப் புடிங்ணா" என்று எழுந்துகொண்டார். பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். "இத வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்க. காது கேக்காத ஆள வெச்சு வேலை செய்யறோம்னு தெரிஞ்சா நம்ம கேசட்ட எவன் வாங்குவான்?" என்றார். ஒலிப்பதிவுக்காரரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "வரச் சொல்லுங்க, பாத்துக்கலாம்" என்றார். இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வீட்டில் மனைவி மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொன்னாள். ஆனால் முன்போல அபிப்பிராயம் சொல்வதில்லை. "இருக்குது", "இல்லை", அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் மருத்துவர் சொன்னபடியே இன்னும் குறைந்தது. பாடுகிறவர்களின் 'ச'வும் 'ஷ'வும் எனக்கு ஒன்றாகிவிட்டன. நானாகவே வேலையை விட்டேன். என் கூடப்பிறந்த தம்பியோடு சேர்ந்து பீளமேட்டில் எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்தோம்.

அதற்கடுத்த வருஷம் அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஏதோ கேட்டார்கள், புரியவில்லை. திரும்பினால் அவர்.

"எந்தக் காதுங்ணா நல்லாக் கேக்கும்?"

இடது காதைக் காட்டினேன். எழுந்து, இடப்பக்கம் இருந்தவரிடம் ஏதோ சொல்லி இடம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். தேங்காய் விலை விழுந்துவிட்டதைப் பற்றிப் பேசினார். என் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டதாக அவரே சொன்னார். ரசம் வந்தபோது நான் துணிந்து, "இப்ப எங்கயாவது பதிவு வேலைக்குப் போறீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"பாட்டே கேக்கறதில்லீங்ணா" என்றார். "ஊட்டுல ரேடியோகூட இல்லீங்க. நீங்க சாப்பிடுங்க, ரசம் ஆறுது."

கை கழுவும் இடத்தில் எனக்கு முன்னால் நின்றார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். எங்கள் பக்கம் யாரும் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், போயிட்டு வாரேன் என்பார்கள். அவர், "சரிங்ணா, நான் கெளம்பறேன்" என்றார். கூட்டத்துக்குள் அவருடைய மனைவி காத்திருந்தார். என்னைப் பார்த்தும் தலையசைக்கவில்லை. இருவரும் பந்தலைத் தாண்டி பஸ் நிறுத்தம் பக்கம் நடந்து போனார்கள்.